வராத கேள்விக்காரி

அத்தியாயம் ஏழு

"சாயங்காலம் பத்திரிகைக்காரங்க வந்து உக்கார்றதுக்குள்ள எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேணும்" என்றார் கணிப்பாளர். "'அந்தப் பொண்ணு கேள்வி கேக்கப் போகவே இல்ல.' அவ்வளவுதான். அதை நீங்க விசாரிச்சுச் சொன்னா போதும்."

"அதைச் சொல்ல நான் எதுக்கு? நீங்களே சொல்லிடலாமே" என்றார் மாமியார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தபடி.

"நான் சொன்னா சாக்குப்போக்குன்னு சிரிப்பாங்க."

"நாங்க சொன்னா சிரிக்காம கேப்பாங்க. அப்புறம் வெளியே போய்ச் சிரிப்பாங்க" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளை.

ஊரில் அந்த அம்மாவை எல்லோரும் 'மாமியார்' என்றுதான் அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வருபவர்களின் கதைகளைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். எரியாத கடை எரிந்ததாகவும் உடையாத கால் உடைந்ததாகவும் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து, வேலையில்லாமல் இருந்த தன் மகளின் கணவரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். 'மாப்பிள்ளை வாங்க, மாப்பிள்ளை ஓடுங்க' என்று பன்மை குறையாமல்தான் வேலை ஏவுவார். உலகத்திலேயே இத்தனை மரியாதையாக விரட்டப்படும் உதவியாளர் தான் ஒருவன்தான் என்பது மாப்பிள்ளையின் நிரந்தரப் புலம்பல்.

கணிப்பாளரின் அலுவலகம் துக்க வீடு போல இருந்தது. தொலைபேசிகள் வரிசையாக இருந்தன. பேச ஆள் இல்லை. சத்தம் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சியில் அவர் முகமே ஓடியது. கீழே கேலியாக ஏதோ ஒரு வரி. அதற்கடுத்து ஓர் இளம்பெண்ணின் முகம். அதன் கீழே கேள்விக்குறி.

விஷயம் இதுதான். தேர்தலில் ஒருவர் கையில் கடப்பாறையோடு ஓட்டுக் கேட்டு வந்தார். ஜெயித்தால் முதல் வேலை, திருட்டைத் தடுக்கக் கால்வாயின் இரு கரையையும் சேர்க்கும் நடைபாலத்தை இடிப்பது என்றார். அவருக்குக் 'கடப்பாறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடப்பாறை படுதோல்வி அடைவார் என்றது கணிப்பாளரின் கருத்துக்கணிப்பு. கடப்பாறை அமோகமாக ஜெயித்தார்.

"மத்த தெருவெல்லாம் கணிப்பு கிட்டத்தட்ட சரி" என்றார் கணிப்பாளர். "கால்வாயோரத் தெரு மட்டும்தான் காலை வாரிடுச்சு. பெரிய தெரு. நிறைய ஓட்டு. அங்க கேள்வி கேக்கப் போனவ புதுசாச் சேர்ந்த பொண்ணு. சுறுசுறுப்பானவதான். வீடு அந்தப் பக்கம்னு சொன்னா, போக வர வசதியா இருக்கும்னு அந்தத் தெருவையே கொடுத்தேன். எல்லா வீட்டுக்கும் போனேன், எல்லாரும் நல்லாப் பேசினாங்கன்னு சாதிக்கிறா. பதில் தட்டற கருவியும் அவ தெருவுலதான் இருந்தான்னு காட்டுது. ஆனா ஒரு மரத்தடியில உக்காந்து தானே தட்டியிருந்தாலும் அதே தெருதானே?"

"அவ வீடுகளுக்குப் போகலைன்னு எப்படித் தெரியும்?"

கணிப்பாளர் நாற்காலியில் சற்றே நெளிந்தார். "எங்க அக்கா வீடு அந்தத் தெருவுலதான். அதுவும் கேக்க வேண்டிய வீடு. முடிவு வந்ததுமே போன் போட்டேன். யாருமே வரலைன்னு சொன்னாங்க. அக்கா டீச்சர். பொய் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஆள் விட்டு மத்த வீட்டுலயும் கேட்டேன். அத்தனை பேரும் யாரும் வரலைன்னுதான் சொன்னாங்க."

"அத்தனை பேருமா?"

"ஒருத்தர் விடாம. அவளை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். சாயங்காலம் பேட்டி முடிஞ்சதும் போலீஸுக்குப் போறேன்."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை, எழுந்திருங்க."

"எங்க அத்தை?"

"நம்ம வீட்டுல நாலே பேர். ஃபேன் எந்த வேகத்துல சுத்தணும்கிறதுல இன்னைக்கு வரைக்கும் ஒத்துப்போனதில்ல. ஒரு தெருவே ஒரே பதிலைச் சொல்லுதுன்னா நேர்ல போய்க் கேக்க வேண்டாமா?"

*

கால்வாயோரத் தெரு துடைத்துவைத்தது போல இருந்தது. சிமெண்ட் தரை, ஒட்டி ஒட்டி வீடுகள், வாசல்தோறும் வெள்ளை ஓடு பதித்த படிகள். தெருக்கோடியில் இரும்பு நடைபாலம். அதற்கு அப்பால் ஒரு புகைபோக்கி.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்த முதுகு. சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலேயே இருவரையும் உட்காரச் சொன்னார்.

"கருத்துக்கணிப்புக்கு யாராவது வந்தாங்களான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் மாமியார்.

"தம்பிகிட்டயே சொல்லிட்டேனே. யாரும் வரல."

"கணிப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்க வீட்டுல இல்லாதப்போ வந்திருக்கலாமோ?"

"ஞாயிற்றுக்கிழமை நான் எங்கயும் போறதில்ல."

"ஒருவேளை வந்து, உங்களுக்கு மறந்து போயிருந்தா?"

"மறக்கிறதா?" டீச்சருக்குச் சட்டென்று கோபம் வந்தது. "இந்தத் தரையைப் பாருங்க. பாலு மாதிரி வெச்சிருக்கேன். செம்மண் காலோட ஒரு பொண்ணு இங்க வந்து நின்னிருந்தா எனக்குத் தெரியாமலா போகும்? துடைக்கிறதுக்குள்ள இடுப்பே ஒடிஞ்சிருக்குமே!"

சொல்லி முடித்ததும் அவர் பேனா ஒரு சரியான விடையின் மேல் தவறுக் குறி போட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. மாமியார் கவனித்தார்.

"நல்லதுங்க டீச்சர். வேலையைக் கெடுத்துட்டோம்" என்று எழுந்துகொண்டார்.

தெருவுக்கு வந்ததும் மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். "அவ்வளவுதான் அத்தை. ஒரு வாக்கியம் கேட்டார், கிடைச்சிடுச்சு. வீட்டுக்குப் போகலாமா?"

"மாப்பிள்ளை, தெருவைப் பாருங்க. செம்மண் எங்கயாவது இருக்கா?"

"பொட்டு வைக்கக்கூட இல்ல."

"'யாராவது வந்தாங்களா'ன்னுதான் நான் கேட்டேன். பொண்ணுன்னு சொல்லல. சரி, அதைத் தம்பி சொல்லியிருப்பார், டிவியில முகத்தையும் காட்டறான். ஆனா அந்தப் பொண்ணோட கால் எந்த டிவியில வந்துச்சு?"

மாப்பிள்ளை அப்படியே நின்றார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "டீச்சர் பொய் சொல்லி நாம கண்டுபிடிச்சிருக்கோம்! பள்ளிக்கூடத்துல நான் முட்டிபோட்டதுக்கெல்லாம் இன்னைக்குக் கணக்கு தீர்ந்துச்சு அத்தை."

"பொண்ணு வந்திருக்கா. இவங்க பேசியும் இருக்காங்க. அப்போ ஏன் வரலைன்னு சொல்லணும்? வந்தான்னு ஒத்துக்கிட்டா அடுத்த கேள்வி என்ன வரும்?"

"'என்ன சொன்னீங்க?'"

"அதுக்கும் அடுத்தது?"

மாப்பிள்ளை யோசித்தார். "'சொன்னபடிதான் ஓட்டுப் போட்டீங்களா?'"

"அதான். திருடனைத் தேள் கொட்டின கதை. வாய்விட்டுக் கத்த முடியாது. டீச்சர் மட்டுமா, தெரு மொத்தமுமான்னு பார்க்கணும். நேராக் கேட்டா மறுபடி 'யாருமே வரல'தான் வரும்." மாமியார் கைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார். "இதை ஒவ்வொரு வீட்டுலயும் கொடுங்க. கதவைச் சாத்திக்கிட்டு உங்களுக்குத் தெரியாம சுண்டச் சொல்லுங்க. தலை விழுந்தா, உண்மை எதுவா இருந்தாலும் சும்மா 'ஆமா'ன்னு சொல்லணும். பூ விழுந்தா மட்டும் நிஜத்தைச் சொல்லணும்."

"கேள்வி?"

"'கணிப்புக்கு வந்த பொண்ணுகிட்ட ஒண்ணைச் சொல்லிட்டு, உள்ள போய் வேற ஒருத்தருக்குக் குத்தினீங்களா?'"

"இதுக்கு எவன் அத்தை உண்மையைச் சொல்லுவான்?"

"சொல்லுவாங்க. 'ஆமா'ன்னு சொல்றவருக்குத் தலை விழுந்துச்சா, நிஜமாவே பொய் சொன்னாரான்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. யாருமே மாட்டிக்க மாட்டாங்க. ஆனா தெருவுல ஒருத்தருமே பொய் சொல்லலைன்னா, கிட்டத்தட்டப் பாதி வீட்டுல 'இல்ல' வரணும். ஒளிஞ்சுக்க ஒரு இடம் கொடுங்க மாப்பிள்ளை, மனுஷன் உண்மையைச் சொல்லிடுவான்."

"கருத்துக்கணிப்பு நிஜமான்னு பார்க்க ஒரு கருத்துக்கணிப்பு. முள்ளை முள்ளால எடுக்கிறது. குத்தப்போறது என் விரல்லதான்" என்று முனகிக்கொண்டே கிளம்பினார்.

மாமியாரிடம் பந்தயம் கட்டியிருப்பதாகவும், தோற்றால் வீட்டுக்குள் விடமாட்டார் என்றும் ஒவ்வொரு கதவிலும் சொன்னார். அது பாதி உண்மை என்பதால் நன்றாக எடுபட்டது. ஆண்கள் இரக்கப்பட்டார்கள், பெண்கள் சிரித்தார்கள். கதவு சாத்தியது, நாணயம் விழும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. "ஆமா." அடுத்த வீடு. "ஆமா." மாடிவீட்டு அம்மாள் கதவை முழுவதும் திறக்காமல், இடுக்கு வழியாக அந்த ஒரு சொல்லைத் தள்ளிவிட்டார். யாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மூலைக் கடைத் தையல்காரர் நாணயத்தை வாங்கவே இல்லை. தையல் இயந்திரத்தை நிறுத்தி, துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குச் சுண்ட வேணாம் தம்பி. ஆமா. அந்தப் பொண்ணு வந்தா. இதோ, இந்த ஸ்டூல்லதான் உக்காந்தா. பாலம் இருக்கணும்னு சொன்னேன். கடப்பாறைக்குக் குத்தினேன்."

"அப்புறம் ஏங்க வரலைன்னு சொன்னீங்க?"

"டீச்சரே வரலைன்னு சொல்லிட்டாங்களே. நாங்க வந்தான்னு சொன்னா, டீச்சர் பொய் சொன்னாங்கன்னு ஆயிடும். மரியாதைக்காகச் சொன்னோம்." துணியை நேராக்கினார். "அதுவும் ஒரு சாக்குதான், விடுங்க" என்று இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது முகத்தில் பழைய கலகலப்பு இல்லை. "'இல்ல'ன்னு சொன்னது ரெண்டே வீடு அத்தை. அதுல ஒருத்தருக்குக் காது கேக்காது. நான் ஏதோ விக்க வந்திருக்கேன்னு நினைச்சிட்டார். மிச்சம் அத்தனையும் 'ஆமா'. தெருவே கூடிச் சதி பண்ணியிருக்கு!"

"சதின்னாதான் கூடிப் பேசணும். வெட்கத்துக்குப் பேச வேண்டியதில்ல. அவங்கவங்க வீட்டுக்குள்ள தனித்தனியா வந்துடும்." மாமியார் பாலத்துப் பக்கம் பார்த்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. மத்த தெருவுலயும் கடப்பாறைக்கு ஓட்டு விழுந்திருக்கு. அங்கெல்லாம் கேட்டவங்ககிட்ட தைரியமாச் சொல்லியிருக்காங்க. இங்க மட்டும் ஏன் வாய் கூசிச்சு?"

*

கேள்விக்காரியின் வீட்டுக்கு வழி கேட்டபோது எல்லோரும் பாலத்தைக் காட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் அதில் நடக்க முடியும். எதிரே ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு வந்து, பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிட்டார்.

பாலம் முடிந்த இடத்தில் சிமெண்ட் முடிந்தது. செங்கல் சூளை, சூளைக்கு மண் வெட்டிய பள்ளங்கள், நடுவே தகரக் கூரை வீடுகள். வழியெல்லாம் குழைந்த செம்மண்.

"இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்லுவாங்க. இங்க சிவப்பால்ல இருக்கு" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

மாமியார் சிரிக்கவில்லை. நாலு அடி வைத்ததும் நின்று, தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். விளிம்பெல்லாம் சிவப்பு. தரையில் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை, இன்னும் பரவியது. பிறகு திரும்பி, பாலத்துக்கு அப்பால் தெரிந்த வெள்ளைப் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. உள்ள போனதும் நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்க வேண்டாம் மாப்பிள்ளை."

ஒரே அறை கொண்ட வீடு. கேள்விக்காரிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவன் சூளையில் இருந்தான். அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்காக அடையாள அட்டையின் கயிற்றைத் துவைத்து ஜன்னலில் உலர்த்தியிருந்தாள். அவர்கள் யார் என்று தெரிந்ததும் அவள் பதற்றத்தோடு பேசத் தொடங்கினாள். பல நாளாக யாரும் கேட்காத பேச்சு.

"நான் போனேம்மா. எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன். பயந்து பயந்துதான் போனேன். வாசல்லயே நிக்க வெச்சுத் துரத்திடுவாங்கன்னு நினைச்சேன். ஆனா எல்லாரும் எவ்வளவு அன்பாப் பேசினாங்க தெரியுமா? டீச்சர் ஃபேன் போட்டுவிட்டாங்க. தையல்காரர் ஸ்டூலைத் துடைச்சுப் போட்டார். 'பாலத்தை இடிக்கிறவனுக்கு யாரும்மா போடுவா, நீங்களும் மனுஷங்கதானே'ன்னு வீட்டுக்கு வீடு சொன்னாங்க. எனக்குத் திரும்பி வர்றப்போ கண்ணே கலங்கிடுச்சு."

"அப்புறம்?" மாமியாரின் குரல் இறங்கியிருந்தது.

"இங்க வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன். பயப்படாதீங்க, அந்தத் தெருவே நம்ம பக்கம் இருக்கு, பாலம் போகாதுன்னு. ஓட்டு அன்னைக்குச் சூளையில லீவு தரல. எப்படியும் அவன் தோக்கத்தானே போறான், கூலியை ஏன் விடணும்னு பாதிப் பேர் ஓட்டுக்கே போகல." அவள் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இப்போ இங்கயும் என்கூட யாரும் பேசறதில்லம்மா. அங்கயும் பொய்க்காரி, இங்கயும் பொய்க்காரி."

மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நல்ல செய்தியை நாக்கில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது?

"நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா! நீங்க போனது நிரூபணமாயிடுச்சு. புளுகினது அவங்க! உங்க காலைப் பார்த்ததுமே பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள்னு தெரிஞ்சிருக்கும். உடனே தெரு மொத்தமும் நல்லவங்க வேஷம் கட்டிக்கிட்டு..."

தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் பாதியில் நிறுத்தினார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

கேள்விக்காரி தன் கால்களைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. மெல்ல, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல, இரண்டு கால்களையும் பாய்க்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவருடைய கழுத்து வரை சிவந்திருந்தது.

"நான் போகவே இல்லைன்னு இருந்திருக்கலாம்மா" என்றாள் அவள் கடைசியில். "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். சிரிச்சாங்களே... எல்லாரும் சிரிச்சாங்களே."

"சாயங்காலத்துக்குள்ள உன் பேரைத் துடைச்சாகணும். உண்மையைச் சொல்லித்தான் ஆகணும்" என்றார் மாமியார்.

"சொல்லுங்க. ஆனா தெருவைச் சொல்லாதீங்க. பாலம் இருக்கிற வரைக்கும் நான் அந்த வழியாத்தான் கடைக்குப் போகணும். அவங்க என்னைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சா, என்னால நடக்க முடியாதும்மா."

*

கணிப்பாளர் சட்டை மாற்றித் தலை வாரித் தயாராக இருந்தார். சாட்சி சொல்வதற்காக அக்காவையும் வரவழைத்திருந்தார். டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"வாக்கியம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நீங்க கேட்டது இல்ல" என்றார் மாமியார். "அந்தப் பொண்ணு வீடு வீடாப் போயிருக்கா. சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கா. பொய் சொன்னது பதில் சொன்னவங்க."

"முடியாது! எங்க அக்காவே..." என்று திரும்பியவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினார். "நீ போன் போட்டப்போ கத்தினே. 'வீட்டுக்கு யாராவது வந்தாங்களா'ன்னு. வந்தான்னு சொன்னா, நீ என்ன சொன்னேன்னு கேப்பே. அப்புறம் யாருக்குப் போட்டேன்னு கேப்பே. 'இல்ல'ன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு 'இல்ல'தான்டா. அதுக்கு ஒரு பொண்ணோட வேலை போகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் திருப்பி எடுக்க முடியல."

"நீ... கடப்பாறைக்கா போட்டே? உன் வகுப்புல பாதிப் பிள்ளைங்க அந்தப் பாலத்து வழியா வர்றவங்கதானேக்கா?"

"வாசல்ல வெச்சிருந்த சைக்கிள் ரெண்டு தடவை காணாமப் போச்சு. அக்கரைக்காரங்கதான்னு எல்லாரும் சொன்னாங்க. யாரும் பார்க்கல. நானும் பார்க்கல. தனியா இருக்கேன், பயமா இருந்துச்சு." அவர் கைப்பையை மூடி மடியில் வைத்தார். "அவ வந்து கேட்டப்போ நான் சொன்னது பொய்யுன்னு அப்போ தோணவே இல்லடா. செம்மண் காலோட கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கறா. அவ முகத்தைப் பார்த்து, உன் வழியை அடைக்கப் போறேன்னு எப்படிச் சொல்லுவேன்? பாலம் இருக்கணும்னு சொன்னேன். அந்த நிமிஷம் நானே நம்பினேன். ஓட்டுப் போடற மறைப்புக்குள்ள தனியாப் போய் நின்னப்போ என்னை யாரும் பார்க்கல. கை தானாப் போச்சு."

கணிப்பாளர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வீடு பக்கத்துலன்னு நான்தான் அவளை அனுப்பினேன்" என்றார் மெதுவாக. "அவ எந்தக் கரைன்னுகூட நான் கேக்கல. இடிக்கப்போற பாலத்தைப் பத்தி, அந்தப் பாலத்துல நடக்கிறவளையே கேக்க வெச்சிருக்கேன். இருபது வருஷமா இதையே தொழிலாப் பண்றேன்."

"ரெண்டு பேரும் அழறதுக்கு நேரமில்ல. பத்திரிகைக்காரங்க வந்தாச்சு" என்றார் மாமியார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டதையும் சொன்னார். தெருவின் பெயர் வரக்கூடாது.

கூட்டம் நிரம்பி வழிந்தது. கணிப்பாளர் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசினார். கேள்வி கேட்கப் போன பெண் நேர்மையாக வேலை செய்திருக்கிறாள், அவளை வேலையை விட்டு நீக்கியது அநியாயம், தவறு முழுவதும் தன்னுடையது என்றார்.

"அவங்க தப்பு பண்ணலைன்னா, கணிப்பு எப்படித் தப்பாச்சு?" என்று முன்வரிசை நிருபர் கேட்டார்.

"யாரை எங்க அனுப்பறோம்னு நான் யோசிக்கல."

"புரியல சார். சுத்தி வளைக்காம சொல்லுங்க. இனிமே உங்க கணிப்பை நம்பலாமா, கூடாதா?"

பின்னால் ஒரு சிரிப்பலை எழுந்தது. கணிப்பாளர் பைக்குள் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். "யாரையோ காப்பாத்தறார்" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என்னைத்தான் காப்பாத்தறான்."

எல்லோரும் திரும்பினார்கள். சுவரோரம் டீச்சர் எழுந்து நின்றிருந்தார். கேமராக்கள் அவர் பக்கம் நகர்ந்தபோது ஒரு கணம் முகத்தைக் கைப்பையால் மறைக்கப் போனார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"நான் அவனோட அக்கா. அந்தப் பொண்ணு என் வீட்டுக்கு வந்தா. அவகிட்ட நல்லவ மாதிரி ஒண்ணு சொன்னேன். உள்ள போய் வேற ஒண்ணு குத்தினேன். அப்புறம் அவ வரவே இல்லைன்னும் சொன்னேன். மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. நான் பண்ணினது இது."

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சு" என்றார் டீச்சர். "இப்பவும் இருக்கு." மாப்பிள்ளை ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

*

மறுநாள் காலை டீச்சர் பாலத்தடியில் காத்திருந்தார். தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வரமுடியுமா என்று மாமியாரிடம் போனில் கேட்டிருந்தார். பாலத்தின் இரும்புத் தூண்களில் யாரோ இடிப்பதற்கு வெள்ளைச் சாயத்தால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. எந்தக் கணிப்பைத் திருத்தினாலும் அது அழியப் போவதில்லை.

கேள்விக்காரி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குத் திரும்பச் சொல்லி அவளுக்குச் செய்தி வந்திருந்தது. டீச்சரைக் கண்டதும் விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவுகளில் வந்து நின்றார்கள். கூட்டத்தில் ஒரு சிறுமி டீச்சருக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

"நேத்து டிவியில பார்த்தேன் டீச்சர்" என்றாள் கேள்விக்காரி.

"நான் உனக்குப் பண்ணினது..." டீச்சர் வாக்கியத்தைப் பாதியில் விட்டார். வகுப்பில் ஒருநாளும் நடக்காதது. "என் மேல கோபமா இருக்கியாம்மா?"

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. "ஐயோ, கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

டீச்சர் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது என்ன சிரிப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நம்பலாமா அத்தை?" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார்.

"நாளைக்கும் வரேன்" என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர்?"

"நீ நிஜமான பதிலைச் சொல்ற வரைக்கும் வரேன்."

கேள்விக்காரியின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. அதற்குக் கீழே இருந்தது பார்க்க நன்றாக இல்லை. டீச்சர் பார்வையைத் திருப்பவில்லை.

"வாங்க" என்றாள் அவள்.